தூரமோ என்று மட்டும் கேட்பவள்

எங்கள் வீட்டில், வெளியே புறப்படுகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. தமிழர் வீடுகள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் 'தூரமோ?' என்று கேட்டு நிறுத்திக்கொள்வார்கள். 'ஓம், கொஞ்சம் தூரம்' என்று பதில் வரும். இருவருக்கும் அது போதும். யாராவது வாய்தவறி எங்கே என்று கேட்டுவிட்டால், புறப்பட்டவர் திரும்பி உள்ளே வந்து, சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். லண்டனுக்கு வந்த பிறகு பலர் இதை விட்டுவிட்டார்கள். எங்கள் மகள் தன் பிள்ளைகளிடம் எங்கே என்று கேட்பதோடு நிற்பதில்லை, அவர்கள் எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்று போனிலும் பார்ப்பாள். என் மனைவி மட்டும் விடவில்லை. அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நான் எப்படி எனக்கு வசதியாக ஆக்கிக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஊரில், யுத்த காலத்தில் ஒருநாள் காலை அவர் சைக்கிளை வெளியே எடுத்தார். அவள் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தமாகித் தலைமயிரைப் பின்னிக்கொண்டு நின்றவள், 'எங்கை அண்ணை போறாய்?' என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உள்ளே வந்து தண்ணீர் குடிக்கவில்லை. அவசரம் போலும். ஒழுங்கை முடக்கில் திரும்பினார். பிறகு அவரைக் கண்டவர் எவருமில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. முகாம் முகாமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார்கள். எங்கே போகவென்று புறப்பட்டவர் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாய் அவளை அடிக்கவில்லை. 'நீ கேட்டிருக்கக் கூடாது பிள்ளை' என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அடித்திருந்தால் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த மனிதருக்குத் திவசம் செய்ததில்லை. உயிரோடு இருக்கிறவருக்குத் திவசம் செய்யக்கூடாது. இறந்தவர் என்றால் திதி தெரிய வேண்டும். அவள் இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

இதை அவள் எனக்குச் சொன்னது கலியாணம் முடித்த புதிதில், லூயிஷாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில். நான் பொறியியல் படித்தவன். கவுன்சில் ஒன்றில் வடிகால் பொறியியலாளனாக வேலை பார்த்தேன். கேட்டதால் ஒரு மனிதர் காணாமல் போவதில்லை என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்றாள். ஆனால் எங்கள் தாம்பத்தியம் முழுவதிலும் என்னை ஒருநாளும் எங்கே என்று கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு நல்ல சைக்கிள் வாங்கினேன். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் வாங்கவில்லை. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு, லண்டனுக்குத் தெற்கே சரே பக்கத்துச் சுண்ணாம்பு மலைகளுக்குப் போவேன். பிறகு இன்னும் தெற்கே, கடலைப் பார்த்த குன்றுகளுக்கு. அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே நடப்பேன். பொழுதுபட ஒரு தடவை போன் எடுத்து 'வந்துகொண்டிருக்கிறன்' என்பேன். இரவு வீட்டுக்குப் போனால் அவள் சாப்பிடாமல் இருப்பாள். எங்கே போனேன் என்று அவளும் கேட்கமாட்டாள், நானும் சொல்லமாட்டேன்.

டூட்டிங்கில் எங்கள் சாமான் கடைக்காரர் என்னைவிட இளையவர், வாய்க்காரர். ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணை, நீங்கள் குடுத்து வைச்ச ஆள். என்ரை மனுசி நான் குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு வெளியிலை போனாலும் எங்கை போறியள் எண்டு கேக்கும்."

"அப்ப நீர் என்ன சொல்லுவீர்?"

"நரகத்துக்கு எண்டுவன். அப்ப வரேக்கை பாலும் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டும்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் ஏன் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கடையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே, அதிர்ஷ்டசாலி என்ற பெயரை வாங்கிக்கொண்டு கிழங்கோடு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்கொட்லாந்து மலைகளை நான் வெகுகாலமாக வரைபடத்தில்தான் பார்த்திருந்தேன். போன வருடம் இலையுதிர் காலத்தில் எனக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் முழங்கால் விடாது என்று பட்டது. வியாழக்கிழமை இரவு யூஸ்டனில் ஏறினால் விடியற்காலையில் மலைநாட்டில் இறங்கலாம். வெள்ளி இரவு அதே ரயிலில் திரும்பி, சனி காலை வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரே ஒரு பகல். அது எனக்கே எனக்கான பகலாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் சைக்கிள் பையைக் கட்டும்போது அவள் குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"தூரமோ?"

"ஓம், கொஞ்சம் தூரந்தான். நாளையிண்டைக்குக் காலமை நிப்பன்."

இரவு தங்குவதாக நான் அதற்கு முன் சொன்னதில்லை. அவளுடைய வாய் ஒரு கணம் திறந்து மூடியது. பிறகு சொன்னாள்:

"ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டி வைச்சிருக்கிறன். பழுதாகாது. பொழுதுபட எடுப்பியள்தானே?"

"எடுப்பன்."

அந்த மூடிய வாயை நான் கண்டேன். ஸ்கொட்லாந்து என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கேட்டால்தானே குற்றம், சொன்னால் குற்றமில்லை. நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. சொன்னால் அந்தப் பகல் முழுவதும் அவளும் என்னோடு வருவாள்.

நான் போன மலையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்கே இன்னும் சொல்லாததை வேறு யாருக்கும் முதலில் சொல்வது முறையல்ல.

ரயில் என்னை இறக்கிவிட்டபோது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நிலையத்தில் என்னைத் தவிர ஒரு காகம். குளிர், ஆனால் காற்றில்லை. வானம் மேற்கே மட்டும் ஈயத்தகடு போலக் கிடந்தது. தார் வீதியில் சற்றுத் தூரம் ஓடி, ஒரு நீண்ட பள்ளத்தாக்குக்குள் போகும் கல் பாதையில் திரும்பினேன். தொடக்கத்தில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அதைத் திறந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், பக்கத்தில் நாய். அந்தப் பண்ணை நிலத்தில் வேலை செய்பவள் என்று உடையிலே தெரிந்தது.

"காலை வணக்கம். இன்றைக்கு எங்கே போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. அந்தப் பக்கத்தில் மலைக்குப் போகிறவரை அப்படித்தான் கேட்பார்கள். மாலையில் அவர் திரும்பாவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிய வேண்டும் அல்லவா? இது எனக்குப் புத்தகத்தில் படித்தே தெரியும். ஆனாலும் என் கை கதவில் நின்றுவிட்டது. புறப்படும் வாசலில், சைக்கிளின் மேல் ஒரு காலைப் போட்டபடி நிற்கையில், எங்கே என்று கேட்டுவிட்டாள். மனைவிக்குக் காரண காரியம் விளங்கப்படுத்திய என் நெஞ்சில் ஒரு குளிர் இறங்கியது. அந்தக் குளிரை மறைக்க எரிச்சல் வந்தது.

"சும்மா ஏரிவரைக்கும். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்."

"நல்லது. பின்னேரம் மழை வரும். மலைப்பக்கம் போகாதீர்கள், ஓடைகள் சடுதியாக ஏறும்."

"போகமாட்டேன்" என்றேன்.

திரும்பி இருந்து தண்ணீர் குடிக்க அங்கே வீடில்லை. போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். தாகத்துக்குத்தான் குடித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பள்ளத்தாக்கில் மனித சஞ்சாரமே இல்லை. கூரையில்லாத கல் வீடுகள் சில, அவற்றுக்குள் தொட்டால் சுணைக்கும் நெட்டில்ஸ் செடி ஆளுயரத்துக்கு நின்றது. ஒரு காலத்தில் சனம் இருந்து பிறகு இல்லாமல் போன இடம். அப்படியான இடங்களை ஊரிலும் பார்த்தவன் நான். சைக்கிளை வேகமாக மிதித்தேன். ஏரி வந்தது. கறுத்த தண்ணீர், அசைவில்லை. பாதை முடிந்த இடத்தில் சைக்கிளை ஹெதர் புதருக்குள் சாய்த்து, யாரும் எடுத்துவிடாதபடி மேலே பற்றைகளை இழுத்து மூடினேன். லண்டன் புத்தி. அங்கே எடுப்பதற்கு ஒருவரும் இல்லை. காண்பதற்கும் ஒருவர் இல்லாதபடி செய்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மலைக்குப் போக ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். கற்களில் தாவித் தாவி, சப்பாத்து நனையாமல் கடந்தேன். என் தொழிலே தண்ணீர்தான். எவ்வளவு நிலத்தில் விழுந்த மழை எந்தக் குழாய்க்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று கணக்குப் போட்டே கவுன்சிலில் சம்பளம் வாங்கியவன். அந்த ஓடையின் இரு கரையிலும் புல் கீழ்நோக்கிப் படுத்துக் கிடந்தது. என் இடுப்பு உயரத்துக்கு ஒரு காய்ந்த கிளை பாறையில் சிக்கியிருந்தது. தண்ணீர் அங்கேவரை வந்து போயிருக்கிறது என்று படித்தேன். படித்துவிட்டு ஏறினேன்.

ஏற்றம் எனக்குச் சுகமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்கியது, முழங்கால் நொந்தது, ஆனாலும் பல வருடங்களாக இல்லாத ஒரு வலு உடம்பில் இருந்தது. பாதிவழியில் ஒரு மான் செத்துக் கிடந்தது. கண் இல்லை. அதைச் சுற்றிப் போனேன். பிறகு முகில் இறங்கியது. முன்னால் இருக்கும் கல்லடுக்கு தெரியும், அதற்கப்பால் வெள்ளை. எனக்கு முன்னால் யாரோ நடந்து போவதுபோல அடிக்கடி சரளை சறுக்கும் ஒலி கேட்டது. நின்றால் அதுவும் நிற்கும். என் காலடியின் எதிரொலி என்று தெரிந்தும் நான் சற்றுக்கொருதரம் நின்று பார்த்தேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கற்குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்து ரொட்டியைப் பிரித்தேன். அப்போதுதான் போன் அதிர்ந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் செத்துக் கிடந்த போனுக்கு உச்சியில் சிக்னல் வந்திருந்தது. மனைவியின் அழைப்பு, அடித்துக்கொண்டிருந்தது.

நான் வெளியே போயிருக்கும்போது அவள் ஒருபோதும் என்னை அழைப்பதில்லை. அந்த ஒன்று மட்டுமே எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். விரல் அவளுடைய பெயரின் மேல் நின்றது. எடுத்தால் காற்றின் இரைச்சல் அவளுக்குக் கேட்கும். அவள் எங்கே என்று கேட்கமாட்டாள், ஆனால் காற்று சொல்லிவிடும். பிறகு அவள் பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தைச் சுமந்துகொண்டு நான் இறங்க வேண்டும். பொழுதுபட எப்படியும் எடுக்கத்தானே போகிறோம் என்று நினைத்தேன். மின்கலம் மிஞ்சட்டும் என்று போனை நிறுத்திப் பைக்குள் வைத்தேன். ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். சம்பல் நல்ல உறைப்பு.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் மழை செய்தது.

இறங்கத் தொடங்கும்போதே பெய்தது. முதலில் பக்கவாட்டில் ஊசியாக, பிறகு கனமாக. நான் மெதுவாகத்தான் இறங்கினேன், விழவில்லை. ஆனால் ஓடை தெரிவதற்கு முன்னமே அதன் சத்தம் கேட்டது. தண்ணீரின் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம், கதவை யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல. அடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் அது. நான் தாவிய கற்கள் எங்கே என்று தெரியவில்லை. பாறையில் சிக்கியிருந்த அந்தக் காய்ந்த கிளை போய்விட்டது. செத்த செம்மறி ஒன்று புரண்டு புரண்டு போனது. கறுத்த தேநீர் நிறத்தில் தண்ணீர் கரையைத் தின்றுகொண்டிருந்தது.

அக்கரையில், கல்லெறி தூரத்தில், என் சைக்கிள் பற்றைக்குள் இருந்தது. அதற்கப்பால் பாதை, கதவு, வீதி. கரையோடு மேலே போய்ப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன். கடக்க வழியில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. உச்சிக்குத் திரும்பி ஏற வெளிச்சமும் இல்லை, உடம்பில் பலமும் இல்லை. அப்போதுதான் முழுக் கணக்கும் ஒரேயடியாகக் கண்முன் வந்தது. ஏரிவரைதான் போகிறேன் என்று கதவடியில் சொன்னேன். சைக்கிளை மூடி வைத்தேன். போனை நிறுத்தினேன். வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. இந்த உலகத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தவர் ஒருவருமில்லை. அப்படி ஒரு நிலையைத்தான் நான் அவ்வளவு காலமும் விரும்பித் தேடினேன்.

பொழுதுபட்டது. லண்டனில் அவள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

அந்த இரவைப் பற்றி எழுத அதிகமில்லை. பழைய ஆட்டுப்பட்டியின் கல் மதிலோடு ஒடுங்கி இருந்தேன். சாவதைப் பற்றி நினைக்கவில்லை. நான் திரும்பாவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்பதையே நினைத்தேன். உடல் கிடைக்க மாதங்கள் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். எங்கே போகவென்று புறப்பட்டவர் என்று கேட்பார்கள். தெரியாது என்பாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒரே காரியம் இரண்டு தடவை நடக்கும். முதல் தடவை கேட்டதால், இரண்டாம் தடவை கேட்காததால். காத்திருப்பதற்கு அவளுக்கு ஒரு சைக்கிள் போதாதென்று நான் இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் போவேன்.

மழை விடியற்காலையில் விட்டது. தண்ணீர் வடிய மதியமானது. கையில் ஒரு தடியை ஊன்றி, தொடை அளவு தண்ணீரில், கால் மரத்துப்போகக் கடந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன், ஏறி ஓட முடியவில்லை. கதவடியில் அந்த ஜீப் பெண் வேலியைத் திருத்திக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"நீங்களா? நேற்று இருட்டுகிற நேரம் ஏரிவரைக்கும் வண்டியில் போய்ப் பார்த்தேனே. ஒன்றையும் காணவில்லை. போய்விட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன்."

"மலைக்குப் போனேன்."

அவள் திட்டவில்லை.  "கேட்டேனே" என்று மட்டும் சொன்னாள். பிறகு தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தாள். அவளுடைய வண்டியில் ஏறி வீதிக்கு வந்ததும் போனில் சிக்னல் வந்தது. அது நிற்காமல் அதிர்ந்தது. வீட்டுக்கு எடுத்தேன். மகள் எடுத்தாள். அவள் லண்டனின் மறுகோடியில், சவுத்தாலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள். அவள் எங்கள் வீட்டில் நிற்கிறாள் என்றால் விஷயம் பெரிதாகிவிட்டது.

"அப்பா? அப்பாவா? ஆர் யூ ஓகே? எங்க நிக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை, சுகமா இருக்கிறன். ஸ்கொட்லண்டிலை நிக்கிறன்."



"அப்பா, ஆர் யூ சீரியஸ்? பொலிஸ் அங்க சரேயில, பொக்ஸ் ஹில்லில நாயோட தேடுறாங்கள். என்ர ஹஸ்பண்டும் அங்கதான் நிக்கிறார். இரவிரவா கார் பார்க் கார் பார்க்கா பாத்திருக்கிறார்."

"பொக்ஸ் ஹில் எண்டு ஆர் சொன்னது?"

"அம்மாதான். உங்கட சைக்கிள் டயரில எப்பவும் வெள்ளை மண் இருக்கும் எண்டவ. ஒவ்வொரு முறையும் நீங்க படுத்தாப் பிறகு போய்ப் பாக்கிறவவாம். வெள்ளை மண் உள்ள மலை எங்க இருக்கு எண்டு என்னட்டக் கேட்டா. நான் கூகிள் பண்ணிச் சொன்னன்."

 என் மனைவி கேட்காமல் இருந்தது அக்கறையில்லாததால் அல்ல. நான் நித்திரையான பிறகு, வெளிக் கொட்டகையில் குனிந்து, டயரைத் தொட்டு, நான் போன இடத்தைத் தேடியிருக்கிறாள். வாயால் கேட்கத் துணியாததை மண்ணிடம் கேட்டிருக்கிறாள். இந்த முறை எந்த மண் என்று பார்க்க அவளுக்கு நான் சைக்கிளைக்கூட விட்டுவைக்கவில்லை. பழைய மண்ணை நம்பி, ஒரு நாட்டையே மாற்றி, தேடச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மாட்டைக் குடு."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரலே திரும்ப வந்தது.

"அம்மா கதைக்கேலாதாம் அப்பா. வந்தாப் பிறகு பாப்பம் எண்டுறா."

அடுத்த நாள் பகல் ரயிலில் வந்தேன். பிரயாணம் முழுவதும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் அழுவாள், ஏசுவாள், இல்லாவிட்டால் ஒரு கிழமை பேசாமல் இருப்பாள் என்று மூன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கதவைத் திறந்தவள் மூன்றையும் செய்யவில்லை.

"வந்திட்டியளே. குளிச்சுப்போட்டு வாங்கோ. சாப்பாடு இருக்கு."

அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள். கதவடிக் கொழுவியில் எப்போதும் தொங்கும் என் நீல மழைக்கோட்டு இல்லை. மகள் பிறகு சொன்னாள், வெள்ளிக்கிழமை அம்மா என்னை அழைத்தது அதற்காகத்தானாம். லண்டனில் மழை தொடங்கியதும் கோட்டு கொழுவியில் இருக்கக் கண்டு, நனைந்துவிடப் போகிறேன் என்று சொல்ல எடுத்தாளாம். என்னிடம் புதிதாக ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியாது. அதுவும் நான் சொல்லாத ஒன்று. சனிக்கிழமை காலை அந்தப் பழைய கோட்டையும் என் உடுப்புகள் சிலவற்றையும் அவள் தோய்த்து மடித்து ஒரு பையில் போட்டிருந்தாள். பை படிக்கட்டின் அடியில் நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, இருவரும் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"அண்டைக்கு விடியப்புறம் வந்த பொலிஸ்காரி நல்ல பிள்ளை. உங்கடை மனுசன் எங்கை போறார் எண்டு சொல்லுறேல்லையோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். அப்ப நீங்கள் கேக்கிறேல்லையோ எண்டா. மகள் அதை இங்கிலிசிலை என்னவோ விளங்கப்படுத்தினவள். அந்தப் பிள்ளை தலையாட்டிச்சு. அதுக்கு விளங்கேல்லை."

"என்ரை பிழைதான்" என்றேன். "இஞ்சேரும், நான் அண்டைக்கு மேலை நிக்கேக்கை உம்மடை கோலைக் கண்டனான். கண்டும் எடுக்கேல்லை."

அவள் அதற்கு ஆச்சரியப்படவில்லை. ஒரு பயற்றங்காயை முறித்து நார் இழுத்தாள்.

"தெரியும். மணி அடிச்சது எனக்குக் கேட்டது. நீங்கள் போனை நிப்பாட்டினாப் பிறகு திருப்பி எடுத்தன், அடிக்கேல்லை."

பிறகு சொன்னாள்:

"பொலிஸ் போனாப் பிறகு குசினிக்குள்ளை நிண்டு யோசிச்சன். இன்னொருக்கா என்னாலை வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. நீங்கள் செத்துப்போனியள் எண்டு முடிவெடுத்தன். அண்ணைக்கு இவ்வளவு காலமும் ஏலாமல் போனது, உங்களுக்கு ஒரு விடியப்புறத்துக்குள்ளை ஏலுமாப் போச்சு. பொய் சொல்லக்கூடாது. நிம்மதியா இருந்தது."

"நான்தான் வந்திட்டனே."

"ஓம். வந்திட்டியள்" என்றாள், மேல்மாடிக்கு வாடகைக்கு வந்தவனிடம் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு அவள் எனக்காகக் காத்திருப்பதில்லை. நான் பிந்தினால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். ஆழ்ந்து உறங்குகிறாள். அப்படி உறங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கு இப்போது எங்கும் போகப் பிடிப்பதில்லை. கடைக்குப் போவதானாலும், இந்தக் கடை, இந்த பஸ், இத்தனை மணிக்கு வருவேன் என்று அவளிடம் ஒப்பித்துவிட்டுப் போகிறேன். அவள் சரி என்பாள். கேட்டாளா என்று தெரியாது.

இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு முன் அவள் ஒரு காரியம் சொன்னாள். தன் அண்ணனுக்கு இனிச் செய்துவிடலாம் என்றாள். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று கோவிலில் கேட்டு அறிந்திருந்தாள். இவ்வளவு காலமும் எவர் சொல்லியும் இணங்காதவள். எப்படி மனம் வந்தது என்று நான் கேட்கவில்லை. எப்படி என்று எனக்குத் தெரியும். ஒருவரை முடித்துவைப்பது முடியாத காரியமல்ல என்று என்னை வைத்துத்தான் அவள் பழகிக்கொண்டாள்.

இறந்தவர் பக்கத்து ஆண்கள் எவரும் இல்லாததால், தர்ப்பை அணிந்து எள்ளும் தண்ணீரும் நான்தான் இறைத்தேன். கோவிலில் நல்ல சனம். ஐயர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பெயர் கேட்டபோது அவள் அண்ணனின் பெயரைத் தெளிவாக, குரல் நடுங்காமல் சொன்னாள். நான் திரும்பச் சொல்லி எள்ளை விட்டேன். அது விரலில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. தண்ணீரை இன்னும் கொஞ்சம் விட்டேன்.

"வேறை ஆற்றையும் பேர் இருக்கோ அம்மா?" என்று ஐயர் கேட்டார்.

 குனிந்திருந்த நான் நிமிர்ந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று சரிபார்ப்பதுபோல, நிதானமாக.

"இப்போதைக்கு இல்லை ஐயா" என்றாள்.

ஐயர் மணியைக் கையில் எடுத்தார்.